கரட்டு வழிக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள்

(வடலூரில் நண்பர்கள் கூட்டிய ஒரு கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1867ஆம் ஆண்டிலே மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து, வருகிறவர் எவராயினும் ஊர் பேர் கேளாது அன்னமிடுகின்ற ஒரு தலத்தில் நின்றுகொண்டு, மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவதென்பது சிலருக்கு விபரீதமாகத் தோன்றலாம். என்னை அழைத்த நண்பர்கள் ஞான விஷயமாகப் பேசும்படி என்னைக் கேட்கவில்லை. அதற்கு வேண்டிய யோக்கியதை எனக்கில்லை என்பதை முன்பே விசாரித்து அறிந்திருக்கிறார்கள் போலும். தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்திற்கு அப்பாலும், ஒரு நாளோடு நில்லாமல் பல நாள் தொடர்ந்து போகிற பிரயாணத்திற்கு, இக்காலத்தில் 'அட்வெஞ்சர் பைக்' என்று கடைகளில் விற்கிற வண்டிகளுள் எதை வாங்கலாம், அதிலும் எடை குறைந்ததாக எதை வாங்கலாம் என்ற லௌகிகமான கேள்விக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்லவேண்டுமென்பதே அவர்கள் விருப்பம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிட்டு, அதற்குரிய நியாயங்களைப் பின்னால் விஸ்தரிப்பது சௌகரியம். மண் வழியிலே கீழே சாய்ந்துவிட்ட வண்டியை, துணைக்கு ஒருவரும் இல்லாதபோது, அன்றைய களைப்பெல்லாம் உடம்பிலே ஏறியிருக்கிற மாலை வேளையில், மூட்டை முடிச்சுகளோடு சேர்த்து உங்களால் தூக்கி நிறுத்த முடியுமானால் அது உங்களுக்குரிய வண்டி. முடியாதென்றால், அதன் எஞ்சின் எத்தனை குதிரைசக்தி உடையதாயினும், அது வேறொருவருக்குரிய வண்டி. விழாமல் ஓட்டுவேன் என்று சொல்லக்கூடிய இளைஞர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். மண்ணிலே ஓட்டுகிறவர்களில் விழாதவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அதுவும் பெரும்பாலும் வேகத்தில் விழுவதில்லை. நிற்கப்போகிற நிலையில், காலை ஊன்றிய இடம் பள்ளமாயிருந்து, அல்லது ஏற்றத்தின் நடுவே எஞ்சின் அணைந்து பின்னோக்கிச் சறுக்கி, மெதுவாக, ஏறக்குறைய மரியாதையோடு, வண்டி படுத்துக்கொள்கிறது. அந்தக் கணத்தில் 150 கிலோவைத் தாங்கிப் பிடித்துவிடுகிற கால், 200 கிலோவைத் தாங்கிப் பிடிப்பதில்லை.

தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு. முன்னால் குனிந்து கைப்பிடியைப் பற்றி இழுப்பவர் அன்றிரவு முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். எஞ்சினை நிறுத்தி, வண்டி உருளாதபடி கியரில் விட்டு, மறுபக்கம் சாய்ந்துவிடாதிருக்க முடிந்தால் பக்க ஸ்டாண்டை முன்பே இறக்கிவைத்து, பின்புறத்தைச் சீட்டின் மேல் அணைத்துக்கொண்டு, ஒரு கை ஹேண்டில்பாரையும் மறு கை பின்கம்பியையும் பற்ற, கால்களால் நிலத்தை உந்தி, சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடந்து நிமிர்த்தவேண்டும். வண்டி வாங்குமுன் இந்த வித்தையைப் பழைய சாக்கு விரித்த ஒரு தரையில், நண்பருடைய வண்டி எதையாவது இரவல் வாங்கிச் செய்து பார்த்தவர்களுக்கு, நான் மேலே சொல்லப்போகிற விஷயங்களில் பாதி தேவைப்படாது.

'அட்வெஞ்சர் பைக்' என்ற இவ்வகை வாகனத்தைப் பற்றி நம் மனத்தில் பதிந்திருக்கிற சித்திரம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1980ஆம் ஆண்டிலே ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் ஆர் 80 ஜி/எஸ் என்ற 800 சி.சி. வண்டியை வெளியிட்டார்கள்; அதன் வம்சத்திலே பிற்காலத்தில் தோன்றிய ஆர் 1250 ஜி.எஸ்., பெட்ரோல் நிரப்பிய நிலையில் 249 கிலோ. அந்த வண்டியில் குற்றம் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. இருவர் ஏறிக்கொண்டு, மூன்று பெட்டிகளை மாட்டிக்கொண்டு, ஜெர்மனியின் பெருஞ்சாலையில் பகல் முழுவதும் ஓடி, மாலையில் ஆல்ப்ஸ் மலையின் சரளைப் பாதையொன்றில் ஏறி இறங்குவதற்கு அதைப்போல் வேறில்லை. ஆனால் மண்ணிலேயே பந்தயம் நடத்துகிறவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். பாரிஸ் - டக்கார் பந்தயம் முதன்முதலாக 1978 டிசம்பரில் புறப்பட்டு 1979 ஜனவரியில் முடிந்தபோது, சகாராப் பாலைவனத்தைக் கடந்து முதலாவதாக வந்த சிரில் நெவ் என்ற பிரெஞ்சுக்காரர் ஓட்டியது யமஹா எக்ஸ்.டி. 500 என்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டி. இடைக்காலத்தில் பெரிய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளும் அங்கே வென்றதுண்டு. எனினும் 2011 முதல் 450 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சினே கூடாதென்று விதியாயிற்று. 2015இல் அந்தப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியராகிய சி. எஸ். சந்தோஷ் ஓட்டியதும் அந்த வரம்புக்கு உட்பட்ட வண்டிதான். பந்தயக்காரர்களுக்குப் பின்னால் மெக்கானிக்குகளும் மாற்றுச் சாமான்களும் வருகின்றன. நமக்குப் பின்னால் வருவது புழுதி.

நம் தேசத்திலோ இந்த விஷயம் புதிதன்று. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா ஸ்தாபிதமாகித் திருவொற்றியூரில் புல்லட் தயாராகத் தொடங்கியதற்குக் காரணமே, எல்லைக் காவலுக்கு மலைவழிகளில் ஓடக்கூடிய ஒரு வண்டி சர்க்காருக்கு வேண்டியிருந்ததுதான். பிறகு எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தாரின் ராஜ்தூத்தும், மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனத்தார் செய்த ஜாவாவும் எஸ்டியும் வந்தன. அக்காலத்தில் கிராமத்துக்குப் போகிற வழியெல்லாம் வண்டிப்பாதையாகவும் கப்பி ரோடாகவும் இருந்தமையால், பால் கறந்து வருகிறவரும், கூட்டுறவுச் சங்கத்துச் சூபர்வைசரும், தபால் பை தூக்குகிறவரும் நித்தியம் செய்துவந்த காரியத்தையே இன்று நாம் ஹெல்மெட்டில் காமிராவைப் பொருத்திக்கொண்டு சாகசமென்று செய்கிறோம்.

இன்றும் அந்த வம்சம் அற்றுப்போய்விடவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்தும் கிள்ளையிலிருந்தும் விடியற்காலையில் ஐஸ் நிரப்பிய மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்குப் புறப்படுகிற டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். 1980இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 மொபெட்டின் பேரன் அது, 100 சி.சி.; எடை 90 கிலோவை எட்டாது. வரப்பின் மேலும், வாய்க்கால் கரையின் மேலும், மதகுச் சுவரின் ஓரத்திலும் தன் எடைக்குச் சமமான பாரத்தோடு அது போகிறது. சிக்கிக்கொண்டால் இறங்கித் தள்ளுகிறார்கள். தள்ளியும் வராவிட்டால் பின்புறத்தைத் தூக்கி நகர்த்தி வைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் பகல் முழுவதும் ஓட அதனால் ஆகாது. ஷாக் அப்சார்பரும் போதாது. ஆகையால் அதை வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கரட்டு வழியைக் கடக்கச் செய்வது எது என்பதற்கு அதைக் காட்டிலும் நல்ல சாட்சி இந்த ஜில்லாவில் இல்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

ஜில்லாவைப் பற்றிச் சொன்னேன். மண்ணைப் பழகிக்கொள்ள இதைப்போல் ஒரு பாடசாலை அமைவது அபூர்வம்; வடலூரை நடுவாக வைத்துக்கொண்டால், சுற்றிலும் அரை நாள் தூரத்திற்குள் மூன்று விதமான பூமி இருக்கிறது. மேற்கிலும் வடக்கிலும் நெய்வேலி, பண்ருட்டிப் பக்கம், முந்திரியும் பலாவும் விளைகிற செம்மண் மேட்டுநிலம். வெயிற்காலத்தில் அது கல்லாய் இறுகி, அதன்மேல் செம்புறாங்கல் சரளை உருண்டைகளாய்ப் பரவிக் கிடக்கிறது. அந்தச் சரளையின் மேல் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தவர் பிடித்த இடத்திலேயே கிடப்பார். அங்கே வேண்டியது மெல்லிய பிரேக்கும், நின்றுகொண்டே ஓட்டுகிற பழக்கமும், சக்கரம் சிறிது வழுக்கினாலும் வழுக்கட்டும் என்று விட்டுவிடுகிற மனப்பக்குவமும். எடை கூடக்கூட, வழுக்கத் தொடங்கிய வண்டியை மறுபடி வசப்படுத்துவதற்குரிய அவகாசம் குறைந்துகொண்டே போகிறது. முந்திரித் தோப்பின் நடுவே போகிற தடங்களில் இன்னொரு விஷயமும் உண்டு: முந்திரிக் கிளை தரையைத் தொடுகிறாற்போல் தாழ்ந்து வளர்வது, 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் சாய்ந்தவற்றுக்குப் பதிலாக வைத்த இளமரங்களோ இன்னும் தாழ்வு. உயரமான கண்ணாடித் தடுப்பும் அகலமான பெட்டிகளும் அங்கே கிளைதோறும் மாட்டிக்கொள்ளும்.

தெற்கிலும் தென்கிழக்கிலும் போனால், சேத்தியாத்தோப்பைத் தாண்டியதும் பூமி கறுக்கிறது. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வீராணத்திற்கு வருகிற கொள்ளிடத்து நீரால் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்கள் விளைகின்றன. அந்த வயல்களுக்கிடையே உள்ள வாய்க்கால் கரைகள் கோடையில் ஓட்டுவதற்கு எவ்வளவு இன்பமாக இருக்கின்றனவோ, ஒரு மழை பெய்த மறுநாள் அவ்வளவு துன்பம். களிமண் டயரின் கட்டைகளுக்கு இடையே அப்பிக்கொண்டு டயரை வழுவழுப்பான உருளையாக்கிவிடுகிறது. பிறகு மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே திணிந்து, முன்சக்கரம் சுற்றாமலே நின்றுவிடுகிறது. டயரை ஒட்டி அமைந்த மட்கார்டு உள்ள வண்டிகளில் இது சீக்கிரம் நேர்கிறது. உயரத்தில் தூக்கி வைத்த மட்கார்டு அழகுக்காக ஏற்பட்டதன்று என்பதை டெல்டாவின் களி நன்றாகவே கற்பித்துவிடும். அந்தக் கரையில் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். சரிந்தால் வண்டி பத்தடி கீழே போய்விடும். தனியாக வந்தவர் அதை மேலே கொண்டுவருவதற்கு இரண்டு பேரையும் ஒரு கயிற்றையும் தேடவேண்டும். பக்கத்து வயலில் உள்ளவர்கள் நிச்சயம் உதவுவார்கள். ஆனால் 160 கிலோ வண்டிக்கு இரண்டு பேர் போதுமென்றால், 250 கிலோவுக்கு அந்த ஊரையே கூட்டவேண்டியிருக்கும்.

மூன்றாவது, கிழக்கே கடற்கரை மணல். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டவேண்டுமென்பது பொது விதி. நல்ல சாலையில் 28, 30 பவுண்டு வைத்திருக்கிற காற்றை 18, 20 அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து மிதக்கிறது. அதற்கும் கீழே இறக்கினால், டியூப் உள்ள சக்கரத்தில் டயர் ரிம்மை விட்டு நழுவி, வால்வின் அடியைக் கிழித்துவிடும். ஆயினும் அலை அடிக்கிற கரையில் ஓட்டவே கூடாதென்பது என் திடமான அபிப்பிராயம். தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. டயர்த் தடத்தின் பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலைச் சேர்வதில்லை. மணலைப் பழக விரும்புகிறவர்களுக்கு மீனவக் குப்பங்களுக்குப் போகிற தெருப் புழுதியே தாராளமாகப் போதும். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடுகள் தூரத்தில் மலைபோல் தெரிந்து இளைஞர்களை ஆசை காட்டுகின்றன என்பதும் எனக்குத் தெரியும். அவை சுரங்க ஸ்தாபனத்துக்குச் சொந்தமான, பிரவேசம் தடுக்கப்பட்ட இடங்கள்; மண்ணும் இறுகாத மண். அங்கே போகவேண்டாம்.

இனி வண்டிகளைப் பார்ப்போம். இன்று நம் நாட்டில், நம் பணத்துக்கு எட்டுகிற தூரத்தில் உள்ளவை மிகச் சில. ஹீரோ நிறுவனத்தார் 2011இல் இம்பல்ஸ் என்ற 150 சி.சி. வண்டியை வெளியிட்டபோது அதன் எடை 134 கிலோதான். அருமையான சட்டகம், எஞ்சின்தான் சோனி. வாங்குவோர் குறைந்து சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. அதன் இடத்தில் 2019இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. 2021இல் நான்கு வால்வு எஞ்சினோடு திருத்தம் பெற்றது. எடை 160 கிலோவை ஒட்டியது; முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18; இரண்டும் கம்பி பூட்டியவை; தரைக்கும் வயிற்றுக்கும் இடையே 220 மில்லிமீட்டர்; 13 லிட்டர் டேங்க். சக்தி சுமார் 19 குதிரை. 2025இல் வந்த 210 சி.சி. வடிவத்தில் சக்தியும் கூடியிருக்கிறது, எடையும் ஏறக்குறைய 10 கிலோ கூடியிருக்கிறது. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 2016இல் 411 சி.சி.யில் வந்து, கடைசிக் காலத்தில் 199 கிலோவாக இருந்தது; 2023 நவம்பரில் வெளியான 452 சி.சி. ஹிமாலயன் 196 கிலோ, 40 குதிரைசக்தி, 17 லிட்டர் டேங்க். கே.டி.எம். 390 அட்வெஞ்சர் 2020இல் நம் நாட்டுக்கு வந்தபோது 177 கிலோ. சக்தியோ 43 குதிரை. ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனத்தார் பி.எம்.டபிள்யூ.வுக்காகச் செய்துவந்த ஜி 310 ஜி.எஸ்., அவர்கள் தம் பெயரிலேயே 2025இல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். முதலியவை 19 அங்குல முன்சக்கரம் உடையவை; மண்ணைவிடத் தாரில் அதிக நேரம் இருப்பவர்களுக்கு உரியவை.

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவன் கொம்பின் அழகில் மயங்காமல் பல்லைப் பிடித்தும் குளம்பைத் தட்டியும் பார்ப்பதுபோல், நாமும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை விட்டுச் சிறிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்கவேண்டும். குதிரைசக்தி என்பது எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றுகிறபோது கிடைக்கிற உச்சம்; மண்ணில் நமக்கு வேண்டியதோ மெதுவாகச் சுற்றுகிறபோதே இழுக்கிற திறன். பழைய ஹிமாலயனின் 24 குதிரையைக் கேலி செய்தவர்கள் பலர். ஆனால் அதன் முழு இழுவிசையும் நிமிஷத்துக்கு 4,000, 4,500 சுற்றிலேயே வந்துவிடுவதால், ஏற்றத்தில் கிளட்சைத் தொடாமல் அது ஊர்ந்து ஏறும். எக்ஸ்பல்ஸ் 200க்கு அந்த வரம் இல்லை. அதை 6,500 சுற்று வரை துரத்தவேண்டும். பாரமும் ஏற்றமும் சேர்ந்தால் இரண்டாவது கியரிலிருந்து முதலாவதுக்கு இறங்கவேண்டும். சென்னை - திருச்சி நாற்கரச் சாலையில் 80க்கு மேல் அதை நெடுநேரம் விரட்டினால், ஆசுவாசமாக ஓட்டினோம் என்று சொல்ல முடியாது. பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும்.

இதையெல்லாம் அறிந்தும், இந்த ஊரிலிருந்து புறப்படுகிற ஒருவர், தனியாகவோ ஒரு நண்பரோடோ, கல்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் ஆண்டில் சில தடவை போய்வருகிறவராக இருந்தால், எக்ஸ்பல்ஸ் 200ஐயே வாங்கும்படி நான் சொல்வேன். லடாக் வரை போகவேண்டுமென்ற சங்கற்பமுடையவரும், ஆறடி உயரமும் அதற்கேற்ற பலமும் உள்ளவரும் புதிய ஹிமாலயனை வாங்கலாம். அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் வாழ்நாளில் ஒரே தடவை போகப்போகிற லடாக்குக்காக, மாதந்தோறும் போகிற வாய்க்கால் கரையில் ஏறக்குறைய 36 கிலோவை அதிகமாகச் சுமப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு நியாயமும் உண்டு. 452 சி.சி. எஞ்சின் தண்ணீரால் குளிர்கிறது. அதன் ரேடியேட்டரை ஒரு கல் துளைத்துவிட்டால் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலையில் அதைச் சரிசெய்கிறவர் இல்லை. எக்ஸ்பல்ஸ் 200இல் உள்ள, காற்றாலும் ஆயிலாலும் குளிர்கிற பழைய மாதிரி எஞ்சினை விருத்தாசலம் பஸ் நிலையத்துக்கு எதிரில் உள்ள மெக்கானிக்கும் கழற்றி மாட்டிவிடுவார்.

21 அங்குலச் சக்கரத்தின் பயன் என்னவென்று சிலர் கேட்கிறார்கள். ஒரே குழியில் சிறிய சக்கரம் இறங்குகிற ஆழத்துக்குப் பெரிய சக்கரம் இறங்குவதில்லை. கல்லின் மேல் ஏறுகிறபோதும் அதன் வளைவு சரிவாகச் சந்திப்பதால் முட்டி நிற்பதில்லை. அலுமினிய வார்ப்புச் சக்கரம் கல்லில் பட்டால் விண்டுபோகும். கம்பிச் சக்கரம் வளைந்துகொடுக்கும், பிறகு தட்டி நிமிர்த்தலாம். அதன் குறை, பெரும்பாலும் டியூப் வைத்தே ஓட்டவேண்டியிருப்பது. நம் பக்கத்துச் சத்துரு வேலிக்காத்தான் முள். ஏரிக்கரை, ஆற்றுப்படுகை, தரிசு எங்கும் பரவிவிட்ட அந்தச் சீமைக்கருவேலின் காய்ந்த முள் டயரைத் துளைத்து டியூபுக்குள் போனால், டியூப் இல்லாத டயரைப்போல் மெல்ல மெல்ல இறங்காமல், ஒரேயடியாக இறங்கிவிடுகிறது. ஆகையால் டியூப் வண்டி வாங்குகிறவர் டயர் லீவர் இரண்டு, ஒட்டுத் துண்டு, சொல்யூஷன், ஒரு மாற்று டியூப், காற்றடிக்கும் சிறு பம்ப் ஆகியவற்றை எடுத்துப் போவதோடு, வீட்டு வாசலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ளவேண்டும். பஞ்சர் கடைக்காரர் கல்வராயன் மலைக்கு நம்மோடு வருவதில்லை.

உயரத்தைப் பற்றி நம்மவர்கள், குறிப்பாகச் சகோதரிகள், தயங்குகிறார்கள். இந்த வண்டிகளின் சீட் சுமார் 825 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. பழைய ஹிமாலயன் ஒன்றுதான் 800இல் இருந்தது, கே.டி.எம்.மின் 2020 மாதிரி 855. இரண்டு பாதமும் ஒருசேரத் தரையில் படவேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் ஐந்தேகால் அடி உயரமுள்ளவருக்கு எந்த வண்டியும் அமையாது. இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு பாதத்தை நன்றாக ஊன்ற முடிந்தால் போதுமானது. எடை குறைந்த வண்டியாயிருந்தால் விரல் நுனி பட்டாலும் சமாளிக்கலாம். சீட்டின் பஞ்சை வெட்டிக் குறைப்பது ஒரு வழி. ஷாக் அப்சார்பரின் இணைப்பை மாற்றித் தாழ்த்துவதை நான் ஆதரிப்பதில்லை. கல்லுக்கும் எஞ்சினுக்கும் இடையே இருக்கவேண்டிய வெளி அதனால் குறைந்துவிடுகிறது.

பிரேக் விஷயத்தில் ஒரு வார்த்தை. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கெல்லாம் 2019 முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாகியிருக்கிறது. தார் ரோட்டில் அது பிராணரட்சகம். சரளை இறக்கத்திலோ பின்சக்கரத்தைப் பூட்டவிடாமல் அது விட்டுவிட்டுப் பிடிப்பதால், வண்டி நிற்காமலே போய்க்கொண்டிருக்கும். பின்சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். இல்லாததோ, இருந்தும் அதை நிறுத்திவைக்க வசதியுள்ளதோ பார்த்து வாங்குங்கள்.

எடை குறைந்த வண்டியைத் தேடி வாங்கிய பிறகு அதை எடை கூடியதாக ஆக்குவதில் நம் இளைஞர்களுக்கு இருக்கிற உற்சாகம் ஆச்சரியமானது. இரும்புக் கிராஷ் கார்டு, அதன்மேல் இரண்டு விளக்கு, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பெட்டியின் வெளிப்புறத்தில் ஐந்து லிட்டர் பெட்ரோல் டின். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடுகிற வண்டியின் 13 லிட்டர் டேங்க், 400 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும். பண்ருட்டியிலிருந்து கள்ளக்குறிச்சி போவதற்குள் எத்தனை பெட்ரோல் பங்க் இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியும். கெட்டிப் பெட்டிகளில் வேறோர் அபாயம்: சேற்றில் காலை ஊன்றுகிறபோது வண்டி முன்னே நகர்ந்தால் கெண்டைக்காலைப் பெட்டி பிடித்துக்கொள்ளும். துணியால் ஆன பைகளே நல்லவை. 12, 15 கிலோவுக்குள் சாமானை அடக்கி, கனமானவற்றைத் தாழ்வாகவும் முன்னோக்கியும் வைத்துக் கட்டவேண்டும். பின்சீட்டின் கோடியில் உயரக் கட்டிய மூட்டை, ஏற்றத்தில் முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். சாமானைக் குறைக்க மனம் வராதவர் எத்தனை பணம் கொடுத்து இலேசான வண்டி வாங்கியும் பிரயோஜனமில்லை.

உடைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜீவகாருண்யத்தை விரதமாகக் கொண்ட குடும்பங்கள் இவ்வூரில் பல. தோல் ஜாக்கெட், தோல் கையுறை என்று கேட்டதும் பெற்றோர் முகம் சுளிக்கக் கண்டிருக்கிறேன். அவர்கள் கவலைப்படவேண்டாம். நைலான் வலைத் துணியில், முழங்கைக்கும் தோளுக்கும் முழங்காலுக்கும் தடுப்புப் பட்டை வைத்துத் தைத்த உடைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. நம் வெயிலுக்குத் தோலைவிட அவையே உகந்தவை. கணுக்காலை மூடுகிற பூட்ஸை மட்டும் எக்காரணத்தாலும் விடக்கூடாது. சைலன்சரை மாற்றி இரைச்சல் உண்டாக்குகிறவர்களோடு எனக்குச் சிநேகமில்லை. மலைக் கிராமத்துக்குள் சத்தமில்லாமல் நுழைகிறவருக்கு மோர் கிடைக்கும். சத்தத்தோடு நுழைகிறவரை நாய்கள் மட்டுமே எதிர்கொள்ளும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பங்குனி, சித்திரையில் வாய்க்கால் கரைகளில் சில நாள் பழகிவிட்டு, விருத்தாசலம், கள்ளக்குறிச்சி வழியாகக் கோமுகி அணைக்குப் போய், அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறுங்கள். சேலத்துப் பக்கமாகக் கருமந்துறை வழியே இறங்கலாம். ஊர்களை இணைக்கிற மண்பாதைகள் ஏராளமாக இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் போகிற தடங்களில் வனத்துறையாரின் அனுமதியின்றி நுழையாதீர்கள்; அந்த மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடியினரின் தினைக்கொல்லையும் சாமைக்கொல்லையும் வேலியில்லாமல் கிடப்பதால் பொது நிலமென்று எண்ணி வண்டியைத் திருப்பாதீர்கள்.

கடைசியாக, புது வண்டிக்குப் பணம் போதாதவர்கள் பழைய வண்டி வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். தாராளமாக வாங்கலாம். ஹேண்டில்பாரின் நுனியிலும் கால்மிதியின் ஓரத்திலும் கீறல் இருக்கிறதே என்று பின்வாங்கவேண்டாம். அது முன்பு ஓட்டியவர் மண்ணில் ஓட்டியிருக்கிறார் என்பதைத்தான் காட்டுகிறது. முன்சக்கரத்தை மேலே தூக்கி வைத்து, ஹேண்டில்பாரை மெதுவாக இருபுறமும் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அதன் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா பாருங்கள். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் தட்டினால் தளர்ந்தது வேறு ஒலி கொடுக்கும். செயினையும் பல்சக்கரத்தையும் பற்றிக் கவலையில்லை, அவை எப்படியும் மாற்றவேண்டியவை. எஞ்சினுக்கு அடியில் உள்ள தகட்டைக் கழற்றச் சொல்லி, அதன் பின்னால் சட்டகத்தில் புதிதாக வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். அது இருந்தால், விற்கிறவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும், அவர் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.